கப்பற் பிரயாணமும் ஒரு கைப்பையும்

சாதி ஒழிப்பைப் பற்றியும், பெண்மக்களின் உரிமையைப் பற்றியும், மூடப் பழக்கங்களின் கேட்டைப் பற்றியும் அறிஞர்கள் எழுதும் பக்கங்களிலே, கடற் பிரயாணத்துக்குக் கைப்பை கட்டுவதைப் பற்றி எழுத ஒருவன் முன்வந்தால், "இவனுக்கு வேறு விஷயம் அகப்படவில்லையோ?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும், ஒருவன் மேடையிலே பேசும் கொள்கை வேறு, வீட்டிலே அவன் கை செய்யும் காரியம் வேறு என்னும் உண்மையை எனக்குக் காட்டிக் கொடுத்தது எந்தப் புஸ்தகமும் அன்று, ஒரு கைப்பைதான். ஆதலால் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு மக்கள். மூத்தவனுக்கு வயது ஒன்பது, ஆட்டிஸம் என்னும் நிலையில் பிறந்தவன், வாய் பேசமாட்டான். இளையவளுக்கு வயது ஆறு, பிறக்கும்போதே மூளைக்கு ஏற்பட்ட ஊறினால் கால்கள் வலுவற்றவள், வலிப்பும் உண்டு. இவ்விருவரையும் அழைத்துக்கொண்டு, கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுப் பினாங்கு சென்று மீளும் ஓர் உல்லாசக் கப்பலில் மூன்று இரவு சென்று வருவது என்று என் மனைவி தீர்மானித்தாள். நான் தீர்மானிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு ஏன் மனமில்லை என்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன் நெருங்கிய உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்றிருந்தோம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியது. நமக்கு மங்கல ஓசையாக இருப்பது என் மகனுடைய காதுக்குள் ஊசியாக இறங்கியிருக்க வேண்டும். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். சபை முழுவதும் மணமக்களை விட்டு எங்களைப் பார்த்தது. "இந்த மாதிரிப் பிள்ளைகளை ஏன் சபைக்குக் கொண்டுவருகிறார்கள்?" என்று ஒரு குரல் கேட்டது. நான் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தேன். பந்தி முடிந்து மனைவி வரும் வரையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எந்தச் சபைக்கும் நாங்கள் நால்வராகச் சென்றதில்லை.

கப்பலை என் மனைவி தேர்ந்துகொண்டதற்கும் காரணம் இருந்தது. கப்பலிலே படுக்கும் அறையும் பிரயாணமும் ஒன்றே; ஊருக்கு ஊர் விடுதி மாறி, பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டுவதில்லை. கூட்டமும் ஓசையும் பிள்ளையை வருத்துமானால், சில நிமிஷங்களில் சொந்த அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவுள்ள அறைகள் சில உண்டு. முன்கூட்டியே கேட்டால் கிடைக்கும். இவையெல்லாம் விசாரித்து, காகிதத்தில் எழுதி, என் முன் வைத்தாள். தோட்டக் காரியாலயத்திலே செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எனக்கு, கணக்காக எழுதப்பட்டதை மறுக்கத் தெரியாது.

இனிக் கைப்பைக்கு வருகிறேன். கப்பற் பிரயாணத்தில் முதல் நாள்தான் கஷ்டமான நாள். துறைமுகத்தை அடைந்தவுடன் பெரிய பெட்டிகளைச் சுமைகாரர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவை ஆயிரக்கணக்கான பிற பெட்டிகளோடு சோதிக்கப்பட்டு, அறைவாசலுக்கு வந்து சேரப் பிற்பகலாகலாம், இரவுமாகலாம். அறையும் ஏறியவுடன் கிடைப்பதில்லை. அந்த ஆறு ஏழு மணி நேரத்துக்குக் கையிலிருக்கும் பைதான் வீடு. சாதாரணக் குடும்பம் பையில் ஒரு புஸ்தகத்தையும் துவாலையையும் போட்டுக்கொண்டு போய்விடும். எங்களைப் போன்றவர்களுக்கோ, அதில் ஒரு பொருள் தவறினால் ஒரு நாள் தவறும். சிலவேளை உயிரே தவறும்.

பிரயாணத்துக்கு முதல் நாள் இரவு சாமான்களைக் கட்டில்மேல் பரப்பினோம். என் பங்குக்கு நான் சேர்த்தவை இவை: பையன் தன் கையைத் தானே கடித்துக்கொண்ட தழும்புகள் தெரியாதிருக்க முழுக்கைச் சட்டை, அவன் முனகத் தொடங்கினால் வாயில் போட இனிப்பு மிட்டாய்கள், கண்ணை மறைக்கும் தொப்பி, சின்னவளின் மெலிந்த கால்களை மூடக் கம்பளிப் போர்வை. மனைவி ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்து என்னை ஒரே கேள்வி கேட்டாள்:

"இது பிள்ளைக்கா, பார்ப்பவர்களுக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. இந்த நாட்டு வெயிலிலே கம்பளிப் போர்வை பிள்ளைக்கு எதற்கு? தொப்பி அவன் அரை நிமிஷமும் தலையில் வைத்திராதது. நான் கட்டியது பிரயாணத்துக்கான பையன்று. என் மக்களைப் பிறர் கண்ணிலிருந்து மறைப்பதற்கான பை. அவள் அவற்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதன் பின் அந்தக் கேள்வியே எங்களுக்குத் தராசாயிற்று. ஒவ்வொரு பொருளையும் அதிலே நிறுத்த பின்பே பையில் இட்டோம்.

முதலில் சென்றவை மருந்துகள். நாள்தோறும் கொடுக்கும் வலிப்பு மருந்தை, நான்கு நாளுக்கு வேண்டியதற்கு இரு மடங்காக, கடையில் கொடுத்த பெயரொட்டிய உறையோடேயே வைத்தோம். வைத்தியர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் அதனோடு சேர்த்தோம். அந்த மருந்து ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரக்கூடும். ஆதலால் அதைப் பெரிய பெட்டியில் போடுவது, குடையை வீட்டில் பூட்டிவிட்டு மழையில் இறங்குவதற்குச் சமானம். வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் கொடுக்க வேண்டிய அவசர மருந்து வேறு உண்டு. அது பையின் மேற்புறப் பைக்குள் சென்றது.

இந்தச் சமயத்தில் என் அத்தை உள்ளே வந்தார்கள். எண்பதை எட்டியவர்கள், என் மக்களிடம் உயிரையே வைத்திருப்பவர்கள். ஓர் இரும்புச் சாவிக் கொத்தை எடுத்துப் பையருகில் வைத்து, "தம்பி, கடல்மேலே போகிறீர்கள். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் உள்ளங்கையில் இதைக் கொடுத்துவிடு. நின்றுவிடும்" என்றார்கள்.

அன்பர்களே! இந்தச் சாவிக் கொத்தை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? இரும்பைக் கொடுத்தார்கள், வலிப்பு நின்றது. ஆகவே இரும்பு நிறுத்தியது என்பது நம்மவர் வாதம். உண்மை என்னவெனில், பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் தாமே ஓய்ந்துவிடும். சாவியைத் தேடிக் கொண்டுவந்து விரல்களைப் பிரித்து வைப்பதற்கும் அவ்வளவு நேரமே ஆகும். ஓய்ந்த புகழ் இரும்புக்குப் போயிற்று. செய்ய வேண்டியதோ மிக எளிது: பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தல், கழுத்தருகில் உடையைத் தளர்த்துதல், இடிக்கக்கூடிய பொருள்களை விலக்குதல், பற்களுக்கிடையே எதையும் செருகாதிருத்தல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல். ஐந்து நிமிஷம் கடந்ததா இல்லையா என்பதைத்தான் வைத்தியரும் முதலில் கேட்பார். இந்நோய் தெய்வத்தின் சீற்றமன்று, மற்ற நோய்களைப் போன்றதே என்று கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரடீஸின் வழிவந்தவர்கள் எழுதிவைத்து ஏறக்குறைய 2400 ஆண்டுகள் ஆகின்றன. நம் வீட்டுச் சாவிக் கொத்துக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

ஆனால் இதை நான் அத்தையிடம் உரக்கச் சொல்லவில்லை. என் மனைவி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர்கள் கையில் வைத்து, "அத்தை, இதிலும் இரும்பு இருக்கிறது, மணியும் காட்டும்" என்றாள். அவர்கள் சிரித்துவிட்டார்கள். கடிகாரம் பைக்குள் சென்றது; சாவி சுவரில் தன் ஆணிக்குத் திரும்பிற்று.

மூட நம்பிக்கை மட்டுமே பெற்றோரைப் பழிக்கிறது என்று யாரும் எண்ணவேண்டாம். ஆட்டிஸத்தை லியோ கானர் என்னும் வைத்தியர் 1943-ஆம் ஆண்டில் விவரித்து எழுதிய பின், தாயின் அன்பு குறைந்தமையாலேயே பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்று மேல்நாட்டுப் படித்தவர்களே பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். இங்கே முன்வினை என்றார்கள். அங்கே தாயின் குற்றம் என்றார்கள். பழி சுமந்தவள் இரண்டிடத்திலும் தாயே. பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர், தாமே அத்தகைய ஒரு பிள்ளையின் தகப்பனாரானமையால், 1964-இல் ஒரு நூல் எழுதி அக்கொள்கையை மறுத்தார். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் என்பவர் பெற்றோரைக் குற்றவாளிகளாக வைக்காமல் கூட்டாளிகளாக அழைத்து வேலை செய்தார். பேச்சு எட்டாத பிள்ளைக்குப் படம் எட்டும் என்று அவரைப் போன்றவர்கள் காட்டிய வழியிலேதான் எங்கள் பையின் அடுத்த பொருள் வந்தது.

அது ஒரு வளையத்தில் கோத்த படச் சீட்டுகள். கார், துறைமுகம், வரிசை, கப்பல், சாப்பாடு, ஓசை, அறை, தூக்கம் என்று அந்த நாள் நடக்கப்போகும் ஒழுங்கிலே எட்டுப் படங்கள். ஒன்று முடிந்ததும் அதைத் திருப்பிவிடுவான். அடுத்தது என்னவென்று தெரிந்தால் அவனுக்குப் பயம் பாதியாகிவிடும். வேறொரு வளையத்தில் தண்ணீர், பசி, கழிப்பிடம், வலி, போதும் என்று அவன் நம்மிடம் சொல்லவேண்டிய சொற்கள். இவற்றோடு ஒரு காதுமூடி. எங்கள் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர்கள் அணிகிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது.

காதுமூடிக்கு விசேஷக் காரணம் ஒன்றிருந்தது. தோட்டங்களில் விடியற்காலையில் ஆள்களைக் கூட்டுவதைப் 'பெரட்டு' என்போமல்லவா? கப்பலிலும் ஒரு பெரட்டு உண்டு. ஆபத்துக் காலத்தில் எங்கே கூடுவது என்பதைப் பிரயாணிகளுக்குப் பழக்குவதற்காக ஏழு முறை குறுகலாகவும் ஒரு முறை நீளமாகவும் சங்கொலி எழுப்புவார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பின், 1914-இல் கடலில் உயிர்காக்கும் ஒப்பந்தம் பிறந்தது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பிரயாணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. அதன் பின் விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ அது நடந்தாக வேண்டுமென்று ஆயிற்று. ஆகவே அதைத் தவிர்க்க வழியில்லை, தவிர்க்கவும் கூடாது. என் மனைவி ஒரு விசிலை வாங்கி, இரண்டு வாரம் மாலைதோறும் முதலில் வாசலுக்கு வெளியிலிருந்தும், பின் கூடத்திலிருந்தும், பின் அருகிலிருந்தும் ஏழு குறில் ஒரு நெடிலாக ஊதினாள். பையன் விரல்விட்டு எண்ணப் பழகினான். எட்டாவது விரலோடு ஓசை முடியும் என்பது அவனுக்கு மனப்பாடமாயிற்று.

பாஸ்போர்ட்டுகள், சமூக நலத்துறை வழங்கிய மாற்றுத் திறனாளி அட்டைகள், மாற்றுடை இரண்டு ஜோடி, சின்னவளுக்கு அணையாடை, ஈரத்துணி, பையன் தின்னும் ஒரே வகை ரொட்டி ஆகியவையும் சென்றன. அட்டைகளை நான் பையின் அடியில் வைத்தேன்; அவள் எடுத்து வெளிப்பைக்கு மாற்றினாள். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பிள்ளைகளுக்கு உரிமை என்று சொல்லியிருப்பதை நாமே ஒளித்துவைத்தால், அதிகாரி எங்ஙனம் காண்பார்? கடைசியாகப் பையனின் தம்ளர். எவர்சில்வர் தம்ளர், விளிம்பு நசுங்கி, வயிற்றில் இரண்டு குழி விழுந்தது. மூன்று வயது முதல் அதில்தான் குடிப்பான். வேறு எதிலும் குடியான். அவள் அதைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் புலாவ் இண்டா தீவிலுள்ள கப்பல் நிலையத்தை நண்பகலில் அடைந்தோம். காரிலேயே பையன் தண்ணீர் குடித்தான். தம்ளர் என் கையில் இருந்தது. வெளியே பார்த்தேன், பளபளக்கும் பெட்டிகள், சலவை மடிப்புக் கலையாத உடைகள், வாசனைகள். இந்தக் கூட்டத்தின் நடுவிலே இந்தச் சொட்டைத் தம்ளரை எடுத்து நீட்ட வேண்டுமா என்று தோன்றிற்று. கப்பலில் கண்ணாடிக் குவளைகள் இல்லாமலா போகும்? மனைவி சின்னவளை நாற்காலியில் உட்காரவைக்கும் சமயம் பார்த்து, அதைப் பெரிய பெட்டிக்குள் நுழைத்துப் பூட்டிவிட்டேன். சுமைகாரர் பெட்டியைக் கொண்டு போனார்.

வரிசை நீண்டது, அட்டையைக் காட்டியதும் எங்களை முன்னே அனுப்பினார்கள். இரண்டு மணிக்குப் பையன் தண்ணீர்ச் சீட்டை எடுத்து நீட்டினான். மனைவி பையைத் துழாவினாள். நான் கப்பல் குவளையில் நீர் கொண்டுவந்தேன், தள்ளிவிட்டான். காகிதக் குவளை, புட்டி, கைக்குழி எல்லாம் முயன்றோம். மூன்று மணிக்கு மீண்டும் அதே சீட்டு. நான்கு மணிக்கு மீண்டும். அவன் அலறவில்லை. அலறியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். சீட்டைச் சரியாக எடுத்து, எங்கள் கையில் சரியாக வைத்தான். கேட்கும் விதத்தை நாங்கள் கற்றுக்கொடுத்தோம்; அவன் கற்றுக்கொண்டு கேட்டான். கொடுக்கத்தான் எங்களிடம் இல்லை. ஊழியரிடம் கெஞ்சினேன், பெட்டிகள் அடுக்கில் எங்கோ இருக்கின்றன என்றார், அது அவர் குற்றமன்று.

ஐந்து மணிக்குச் சங்கொலி வந்தது. உதடு உலர்ந்த நிலையில், காதுமூடி அணிந்து, கூட்டத்தின் நடுவில் நின்று, அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினான். ஏழாவது விரலில் என்னைப் பார்த்தான். நெடிய ஓசை வந்தபோது தானும் உரத்த குரலில் அதனோடு சேர்ந்து முழங்கினான். பலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கல்யாண மண்டபம் என் நினைவுக்கு வந்தது. ஆனால் அன்று என்னை வெட்கப்படுத்தியது அவனுடைய குரல் அன்று. அவன் தன் பாடத்தைப் பிழையின்றிச் செய்தான். நான் என் பாடத்தில் தவறி நின்றேன்.

ஏழேகால் மணிக்குப் பெட்டி வந்தது. தம்ளரை எடுத்து மனைவியிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தக் கேள்வியை அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பையன் மூன்று தம்ளர் நீரை நிறுத்தாமல் குடித்துவிட்டு, தூக்கத்துக்குரிய சீட்டைத் தானே திருப்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டிலே மலாக்கா நீரிணை ஓடிக்கொண்டிருந்தது. என் பாட்டனாரின் தகப்பனார் இதே துறைமுகத்துக்கு, அது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய காலத்தில், மேல்தளத்துப் பிரயாணியாக ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கியவர். அந்நாளில் தோட்ட வேலைக்கு வருவோரை ஏற்றுமுன் உடலைச் சோதித்தே ஏற்றினார்கள். உழைக்க வலுவுண்டா என்பதே கேள்வி. அப்படியானால் என் மக்கள் இருவரும் அந்தக் கப்பலில் ஏறியிருக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்ட துரைமார் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் போகவில்லை. சபையிலே நம்மைப் பார்ப்பவர்களின் கண்ணிலும் அது இருக்கிறது. தம்ளரை ஒளித்த என் கையிலும் அது இருந்தது.

மறுநாள் பினாங்கில் இறங்கினோம். இறங்குமுன் நானே பையைக் கட்டினேன். மருந்து, கடிகாரம், சீட்டுகள், காதுமூடி, அட்டைகள். தம்ளரை உள்ளே வைக்காமல், பையின் வாரில் ஒரு கயிற்றால் வெளியே கட்டித் தொங்கவிட்டேன். நடக்கும்போது அது பையின் கொக்கியில் மோதி மணிபோல் ஒலித்தது. அவனுக்கு அந்த ஓசை பிடித்திருந்தது. துறையிலிருந்து நடந்து லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பையன் சீட்டை நீட்டினான். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், அவிழ்த்து வாங்கி நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தகைய மக்களைப் பெற்ற சகோதர சகோதரிகளே! உங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்து வாருங்கள். பை கட்டும்போது மருந்தைக் கையிலே வையுங்கள். மணி பார்க்கக் கடிகாரம் வையுங்கள். பிள்ளைக்குப் பழகிய பொருள் எவ்வளவு நசுங்கியதாயினும் அதை மேலேயே வையுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றையோரே! நீங்கள் எங்களுக்கு இரக்கம் காட்ட வேண்டாம். அந்தக் கடைக்காரரைப்போல் தம்ளரை வாங்கி நீர் ஊற்றினால் போதும்.